பாட்டைக் கெடுத்த பெட்டி

எங்கள் ஒயரிங் செக்‌ஷனில் சோதனை மேஜைக்கு மேலே ஒரு பலகை அடித்திருக்கிறோம். அதன் மேல் ஒரு சின்ன ரேடியோ. ஏரியல் ஒடிந்துபோனதால் ஒரு முழம் செம்புக் கம்பியை முறுக்கி ஜன்னல் வரை இழுத்துக் கட்டியிருக்கிறது. பெங்களூர்ப் பக்கத்துக் கன்னட நிலையங்கள் அடுத்த வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். தமிழ் நிலையம் தருமபுரிப் பக்கமிருந்து மலை ஏறி இறங்கி வருவதால், ஓசூர் வந்து சேரும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். செக்‌ஷனில் நாங்கள் எட்டுப் பெண்கள். மூன்று பேர் வீட்டில் தெலுங்கு, இரண்டு பேர் வீட்டில் கன்னடம், மிச்சம் மூன்று பேர் தமிழ். சாப்பாட்டு மணி வரை கன்னடப் பாட்டு, அதற்குப் பிறகு தமிழ்ப் பாட்டு என்று ஓர் உடன்பாடு உண்டு. தெலுங்கு பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால், சண்டை வந்தால் அவர்கள்தான் பஞ்சாயத்து.

நாங்கள் செய்வது மின்சார ஸ்கூட்டருக்கான சார்ஜர். பார்க்க டிபன் கேரியரைப் படுக்க வைத்ததுபோல இருக்கும். பின்பக்கம் வீட்டுக் கரண்ட் உள்ளே வரும் கம்பி, முன்பக்கம் பேட்டரிக்கு வெளியே போகும் தடித்த கம்பி, நடுவில் பச்சைப் பலகையில் பொடிப்பொடியாகச் சாமான்கள். பலகை வேறு இடத்திலிருந்து தயாராக வரும். அதைப் பெட்டிக்குள் பொருத்தி, கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒழுங்காக ஓட்டி, டை போட்டுக் கட்டுவது எங்கள் வேலை. டை என்றால் ஒரு முறை இழுத்தால் பிறகு கழற்ற முடியாத அந்தப் பிளாஸ்டிக் பட்டை. கட்டிய பெட்டியை மேஜையில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். அதன் பிறகு சூப்பர்வைசர் பார்த்துச் சரி என்றால்தான் மூடி ஏறும்.

கம்பி கட்டுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பத்தாவது வரைதான் படித்தேன். வாய்ப் பேச்சும் வராது. கம்பெனி பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் எழாது. யாராவது அங்கே இறங்கினால் கூடவே இறங்குவேன். யாரும் இறங்காத நாளில் அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டு நடந்து திரும்புவேன். இதைக் கேட்டு வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் கம்பிக்குப் பேச்சுத் தேவையில்லை. உள்ளே வரும் கம்பி, வெளியே போகும் கம்பி, மின்விசிறிக் கம்பி எல்லாவற்றையும் சேர்த்து, வலது சுவரை ஒட்டி, இரண்டு விரலுக்கு ஒரு டை போட்டு ஒரே சடையாகக் கட்டிவிடுவேன். சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் என் பெட்டியைத்தான் திறந்து காட்டுவார். அவர் அப்படிக் காட்டும்போது நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல நிற்பேன். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

என் பக்கத்து இருக்கை காவேரிப்பட்டினத்துக்காரிக்கு. செக்‌ஷனில் எல்லோரையும் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் ராயக்கோட்டை, இப்போது குடியிருப்பது ஓசூரிலேயே. அவள் காவேரிப்பட்டினம். அவள் கல்யாணமாகி வந்தது சூளகிரிக்கு. வீட்டுக்காரர் அங்கே வாரச் சந்தையில் துணி வியாபாரம். அவளுக்கு எல்லாம் இடது கை. ஊசி பிடிப்பதும் பற்றவைப்பதும் இடது கையில்தான். சாப்பிடும்போது மட்டும் வலது கைக்கு மாறிக்கொள்வாள். பெட்டியை அவள் பிடிக்கும் வாகே வேறு. வெளியே போகும் கம்பியை முதலில் எடுத்து இடது சுவரோரம் தள்ளிவிடுவாள். உள்ளே வரும் கம்பி வலது சுவரோரம் தனியாகக் கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே செய்யாது. சூப்பர்வைசர் மூடியைத் திறந்தவுடன் அவர் முகம் சுருங்கும்.

"பொட்டிக்குள்ள ரெட்டை வகிடு எடுத்து வெச்சிருக்கியேம்மா. அவிழ்த்துட்டு ஒண்ணாக் கட்டு."

அவள் டைகளை வெட்டிவிட்டு ஒன்றாகக் கட்டிக் கொடுப்பாள். அவருடைய தாளில் அவள் பெயருக்கு நேரே 'மறுவேலை' என்று ஒரு கோடு விழும். மாதக் கடைசியில் அந்தக் கோடுகள் வேலியடித்ததுபோல நிற்கும்.

அவள் பழி வாங்குவது ரேடியோவை வைத்துத்தான். மேஜையில் என் பெட்டியை ஓட்டும் ஐந்து நிமிடமும் தமிழ் நிலையம் எண்ணெய்ச் சட்டியில் தாளிதம் போட்டதுபோல இரையும். மற்றவர்கள் பெட்டிக்குக் கொஞ்சம் இரையும். அவள் பெட்டியை, சூப்பர்வைசர் பார்ப்பதற்கு முன்பு அவள் கட்டியபடியே ஓட்டினால், பாட்டு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

"ஏம்மே ராயக்கோட்டை, உன் பொட்டிய வெச்சா பாட்டு செத்துப்போவுது. என்னுத வெச்சா பாடுது பாரு. எந்தப் பொட்டிம்மே நல்ல பொட்டி?"

சார்ஜரை வாங்குகிறவர்கள் பாட்டுக் கேட்கவா வாங்குகிறார்கள் என்று நான் முணுமுணுப்பேன். மற்ற ஏழு பேரும் சிரிப்பார்கள். அவள் சொல்வது வயிற்றெரிச்சல் என்றுதான் நான் மனதுக்குள் வைத்திருந்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய வண்டிக் கம்பெனியிலிருந்து எங்கள் சார்ஜரைக் கேட்டார்கள். ஆனால் சோதனைக்கூடத்து அறிக்கை வேண்டும் என்றார்கள். எங்கள் என்ஜினியர் ஒரு நாள் டீ நேரத்தில் எங்களுக்கு விளக்கினார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். கரண்டில் ஓடும் எந்தச் சாமானும் தனக்குத் தெரியாமலே கொஞ்சம் ரேடியோ அலையை வெளியே விடும். ஒவ்வொன்றும் இஷ்டத்துக்கு விட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ இரையும், டிவி கோடு போடும், ஆஸ்பத்திரியில் இருக்கும் கருவிகூடத் தப்பாகக் காட்டலாம். அதனால் எவ்வளவு விடலாம் என்று விதி உண்டு. கூடத்தில் அதை அளந்து வரைபடம் போடுவார்கள். படத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். நம் அலை எங்கேயும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று அவர் சொன்னாலும் அன்று யாரும் டீயை முழுசாகக் குடிக்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் ஓனர் வந்து பேசியிருந்தார். இந்த ஆர்டர் கிடைத்தால் இரண்டாவது ஷிப்ட் வரும், காண்ட்ராக்டில் மூன்று வருஷம் முடித்தவர்களைப் பெர்மனென்ட் ஆக்குவேன் என்றார். கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைக்கவேண்டி வரும், மறுவேலைக் கோடு அதிகம் இருப்பவர்களிலிருந்து தொடங்குவேன் என்றார். அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். நாங்கள் எல்லோரும் காவேரிப்பட்டினத்துக்காரியைப் பார்த்துவிட்டோம். அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. பெர்மனென்ட் ஆனால் இஎஸ்ஐ அட்டை, கம்பெனி பஸ். இல்லாவிட்டால் சூளகிரிச் சந்தையில் வீட்டுக்காரரோடு துணி மடிக்க உட்காரவேண்டியதுதான். கம்பெனி பஸ்ஸைப் பற்றி அவளுக்கு ஓர் ஆசை. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அதில் இடம் கிடையாது. சாயங்காலம் நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது அவள் டவுன் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பாள். எங்களைப் பார்த்து ராணி மாதிரி கையசைப்பாள்.

கூடத்துக்கு அனுப்பும் பெட்டியை நான்தான் கட்டவேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். இரண்டு நாள் கொடுத்தார். அப்படி ஒரு பெட்டியை நான் அதற்கு முன்பும் கட்டியதில்லை, பிறகும் கட்டவில்லை. கம்பிகளை ஈரத்துணியால் துடைத்து, நீவி, முறுக்கில்லாமல் வரிசைப்படுத்தி, இரண்டு விரலுக்கு ஒரு டை என்பதை ஒரு விரலுக்கு ஒன்று ஆக்கினேன். டைகளின் தலை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. சூப்பர்வைசர் அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். என்ஜினியர் பதிவுக்காகக் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். மேஜையில் ஓட்டியபோது தமிழ் நிலையம் மொத்தமாக மூழ்கிப்போனது. காவேரிப்பட்டினத்துக்காரி அன்று கிண்டல் செய்யவில்லை. ரேடியோவை மட்டும் அணைத்துவிட்டு, நல்லபடியாகப் போய் வா என்றாள்.

பற்றவைக்க ஆள் தேவைப்பட்டால் வேண்டும் என்று என்னையும் கூட அனுப்பினார்கள். காலையில் கம்பெனி வேனில் என்ஜினியரும் நானும் பெட்டியும். அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப்பலகைகள் கன்னடத்துக்கு மாறின. பெட்டியை மடியில் வைத்திருந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கூடத்தைப் போல ஓர் அறையை நான் பார்த்ததில்லை. பலாப்பழத்தை உள்ளே வெளியே திருப்பிப் போட்டு, அதற்குள் நம்மை நிற்கவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. சுவர், கூரை எல்லாம் கூர்கூராகக் கறுப்பு நுரைப் பஞ்சு முள்ளுகள். கதவு ஓரமெங்கும் சீப்புப் பல் மாதிரி செம்புத் தகடு. அது ஒட்டி மூடினால் வெளி அலை எதுவும் உள்ளே வராதாம். உள்ளே நின்று பேசினால் வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் விழுந்துவிடும். மெதுவாகப் பேசுகிற எனக்கு, நான் பேசியதே கேட்கவில்லை. நடுவில் சுழலும் மேடை, அதன் மேல் மரமேஜை, அதன் மேல் என் பெட்டி. கொஞ்ச தூரத்தில் மீன் முள் மாதிரி ஒரு பெரிய ஏரியல். கதவை மூடிவிட்டு நாங்கள் வெளியறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும்.

கூடத்தை நடத்தியவர் என் வயதுக்காரர். கன்னடக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். ஊட்டா ஆய்த்தா, அதாவது சாப்பாடு ஆயிற்றா, என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தார். காலை பத்து மணிக்கு அதைக் கேட்டால் என்ன சொல்வது. என்ஜினியருக்குக் கன்னடம் வராது. நான் ராயக்கோட்டைச் சந்தையில் கற்ற கன்னடத்தில் ஆயிற்று என்றேன். அவர் அன்று முழுவதும் என்னிடம் கன்னடத்திலும் என்ஜினியரிடம் ஆங்கிலத்திலும் பேசினார்.

மேடை சுழன்றது. ஏரியல் ஏறி இறங்கியது. திரையில் பச்சை அலை இடமிருந்து வலமாக வளர்ந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாகப் போனது. பிறகு ஓர் இடத்தில் ஆட்டுக்குட்டி வேலியைத் தாண்டுவதுபோலத் தாண்டியது. இன்னோர் இடத்தில் மறுபடியும் தாண்டியது. அந்த இரண்டாவது இடம் ரேடியோ நிலையங்கள் இருக்கும் இடம் என்று என்ஜினியர் சொன்னார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பச்சைப் பலகையை வடிவமைத்தவர் அவர்தான்.

அதன் பிறகு மதியம் வரை வைத்தியம் நடந்தது. அவர் ஒரு பை நிறைய மருந்து கொண்டுவந்திருந்தார். கம்பியில் மாட்டும் கறுப்பு வளையம், செம்பு ஒட்டுநாடா, சின்னச் சின்ன உருண்டைகள். அவர் காட்டும் இடத்தில் நான் பற்றவைப்பேன். கதவு மூடும், மேடை சுழலும், ஆட்டுக்குட்டி மறுபடியும் தாண்டும். ஒரு முறை ஒரு குட்டி வேலிக்குள் வந்தது, மற்றது இன்னும் உயரமாகத் தாண்டியது. ஐந்து மணிக்கு எங்கள் நேரம் முடிகிறது. விட்டால் அடுத்த இடம் ஒரு மாதம் கழித்துத்தான். ஒரு மாதம் என்றால் காவேரிப்பட்டினத்துக்காரிக்கு இல்லை என்று அர்த்தம்.

என்ஜினியர் போன் பேச வெளியே போயிருந்தபோது கூடத்துக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனம்மா, இது பெட்டியா, மதுவெ ஹெண்ணா?"

மதுவெ ஹெண்ணு என்றால் கல்யாணப் பெண். நான் சிரித்துவிட்டேன். அவர் விடவில்லை. தினமும் நீங்கள் செய்கிற பெட்டியெல்லாம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். இல்லை, இது இங்கே கொண்டுவருவதற்காகக் கட்டியது என்றேன். அவர் தலையாட்டினார். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் கொண்டுவருகிறார்கள் என்றார். பெண் பார்க்க வந்தவனுக்கு ஒருத்தியைக் காட்டிவிட்டுத் தாலி கட்டும்போது வேறொருத்தியை உட்கார வைக்கலாமா, நான் அறிக்கை எழுதுவது கடைக்குப் போகிற பெட்டிக்கு என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து முறுக்கு வளையம் மாதிரி ஒரு கோடுபளே எடுத்து எனக்குக் கொடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போகிற பெட்டி. எங்கள் மேஜையில் ஓடுகிற பெட்டி. எந்தப் பொட்டிம்மே நல்ல பொட்டி. எண்ணெய்ச் சட்டி இரைச்சல் எனக்குக் காதுக்குள் கேட்டது. பாட்டைக் கெடுத்தது என் பெட்டி. இந்தத் திரையில் வேலி தாண்டுவதும் அதே இரைச்சல்தான். பாடிய பெட்டி அவளுடையது. இத்தனை நாள் அவள் சொன்னதைத்தான் இந்த முள் அறையும் சொல்கிறது.

தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவேண்டுமே. சொன்னால் என் வேலைதான் தப்பு என்று நானே சொன்னதாகும். அதைவிட, படித்த ஒருவர் காலையிலிருந்து பாடுபடும்போது குறுக்கே வாயைத் திறக்கவேண்டும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவே வராத வாய். என்ஜினியர் உள்ளே வந்து மறுபடி செம்பு நாடாவைக் கிழிக்கத் தொடங்கினார். அவர் நாடா ஒட்டி முடிக்கும் வரை நான் தண்ணீர் குடித்தேன். கதவை மூடப் போகும்போது சொன்னேன்.

"சார், அந்த டையெல்லாம் வெட்டிரலாங்களா?"

அவர் திரும்பினார். "எதுக்குக்கா? இந்தப் பெட்டியில நல்லா இருக்கது அது ஒண்ணுதான்."

ரேடியோ விஷயத்தைச் சொன்னேன். நின்று நின்றுதான் வந்தது. என் பெட்டி இரையும், அவள் பெட்டி இரையாது, அவள் கம்பியை இரண்டு பக்கமும் பிரித்து ஓட்டுவாள், அதற்குத்தான் அவளுக்கு மறுவேலைக் கோடு போடுகிறார்கள். அவர் செம்பு நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். வெளியே போகும் கம்பியில் இரைச்சல் இருக்கிறது, உள்ளே வரும் கம்பியைப் பலகையில் இருக்கும் ஒரு வடிகட்டி சுத்தம் செய்கிறது. இரண்டையும் நான் கட்டிப்பிடிக்க வைத்திருக்கிறேன். வடிகட்டியைத் தாண்டி அதிலிருந்து இதற்கு இரைச்சல் தாவி, வீட்டுக் கம்பி வழியாக வெளியே போய்விடுகிறது. நீளமான கம்பி ஏரியல் மாதிரி அதை ஊருக்கெல்லாம் பரப்புகிறது. இதைத் தான் புத்தகத்தில் படித்திருப்பதாகவும், பெட்டி அழகாக இருந்ததால் அந்தப் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை என்றும் சொன்னார்.

டைகளை நானே வெட்டினேன். இருபத்தாறு. ஒவ்வொன்றும் வெட்டும்போது டப் டப் என்று சத்தம் கேட்டது. சத்தம் விழுகிற அறைக்கு வெளியேதான் வெட்டினேன் என்பதால் நன்றாகவே கேட்டது. கம்பிகள் அவிழ்ந்து படுத்தன. ஆனால் அவள் எப்படி ஓட்டுவாள் என்பது எனக்கு முழுசாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் அவள் பெட்டியைச் சரியாகப் பார்த்ததில்லை. என் வலது கை எல்லாவற்றையும் வலது பக்கமே இழுத்துக்கொண்டு போனது.

அவளிடமே கேட்கலாம் என்றார் என்ஜினியர். செக்‌ஷனுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. சூப்பர்வைசர் மேஜைக்குத்தான் பேசவேண்டும். பேசினார். எதிர்ப்பக்கம் சூப்பர்வைசர், பாஸ் ஆச்சா சார் என்று கேட்டது எனக்கே கேட்டது. காவேரிப்பட்டினத்து அக்காவைக் கூப்பிடுங்க என்று இவர் சொன்னார். எதற்கு என்று கேட்டாராம். கம்பி கட்டுவது எப்படி என்று கேட்க என்று இவர் சொன்னார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"சொல்லும்மே. பொட்டி பாடுதா?"

"பாடல. உன் நொட்டாங்கை வேலை எப்படின்னு சொல்லு."

அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிற்க நேரமாகும். நின்றது. பெட்டியை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வை, அப்போது உன் வலது கை என் இடது கை ஆகிவிடும் என்றாள். இவ்வளவு சுலபமான விஷயம். திருப்பி வைத்தேன். வெளியே போகும் கம்பியை முதலில் எடுக்கச் சொன்னாள். சுவரை ஒட்டித் தள்ளு, மூலையில் வளைக்கும்போது பலகையைத் தொடாமல் வளை, மின்விசிறிக் கம்பியை அதோடு சேர்த்துவிடு. உள்ளே வரும் கம்பியை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டு. அழகுக்காக நீளம் விடாதே. பக்கத்துக்கு இரண்டு டை போதும். ஒவ்வொன்றுக்கும் சரியா சரியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் இருமுவது கேட்டது. அவள் அதற்காகவே குரலை உயர்த்திக் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"அவ்ளோதாம்மே. முடிச்சிட்டுப் பாத்தா ரெட்டை வகிடு எடுத்தாப்பல இருக்கணும்."

மணி நாலேகால். பழைய வளையங்களையும் செம்பு நாடாவையும் எல்லாம் என்ஜினியர் எடுத்துவிடச் சொன்னார். ஒரு வளையம் மட்டும் இருக்கட்டும், அது பலகையோடு வந்தது என்றார். கதவு மூடியது. மேடை சுழலத் தொடங்கியது. பச்சை அலை இடமிருந்து வந்தது. முதல் ஆட்டுக்குட்டி இருந்த இடம் வந்தது. அலை கொஞ்சம் எழுந்து, வேலியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. ரேடியோ நிலையங்கள் இருக்கும் இடம் வந்தது. என்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். நான் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அலை அங்கே அசையாமல் போனது. தூங்கும் நாயைத் தாண்டிப் போகிறவன் மாதிரி.

கடைசி வரை போய் நின்றதும் கூடத்துக்காரர் கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருக்கிறது என்று நான் காட்டினேன். ஏரியலைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை ஓட்டினார். அதிலும் தாண்டவில்லை. பிறகு உள்ளே போய், பெட்டியைத் திறந்து வைத்து, மேலிருந்து நான்கு படம் எடுத்தார். இந்தப் படம் அறிக்கையில் ஒட்டப்படும், இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் இதைப் போலத்தான் இருக்கவேண்டும் என்றார். என்னிடம் மட்டும் கன்னடத்தில், இந்தப் பெண்ணையே கட்டி வையுங்கள் என்றார்.

என்ஜினியர் ஓனரிடம் பேசும்போது, நம்ம காவேரிப்பட்டினத்து அக்கா மாதிரி கம்பி ஓட்டினதுலதான் பாஸ் ஆச்சு என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே சொன்னார். வரும்போது அத்திப்பள்ளியில் வேனை நிறுத்தி எனக்கும் டிரைவருக்கும் மசால் தோசை வாங்கித் தந்தார். அன்று இவ்வளவு பேசிவிட்டேனே, இனி எனக்கு வாய் வந்துவிட்டது என்று வேனில் நினைத்துக்கொண்டேன். என் நிறுத்தம் வந்தது. வேன் அதைத் தாண்டியது. டிரைவர் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் சிக்னலுக்கு நின்றபோது இறங்கி நடந்தேன். வெட்டிய டைகள் ஒரு காகித உறையில் கையில் இருந்தன. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

அறிக்கை வந்தது. ஆர்டரும் வந்தது. சூப்பர்வைசரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் மனிதர் நல்லவர். அந்த வாரமே காவேரிப்பட்டினத்துக்காரியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தாளில் இருந்த கோடுகளை அடித்துவிட்டார். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு மற்ற ஏழு பேருக்கும் அவளை விட்டே சொல்லிக் கொடுக்கச் சொன்னார். ஏழு பேரும் பெட்டியை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு தடுமாறினோம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடந்தாள். சூப்பர்வைசர் இருமுவதுபோலவே இருமிக் காட்டினாள். அவரும் சிரித்தார்.

இப்போது எங்கள் சோதனை மேஜைக்கு எதிரில், சுவரில் இரண்டு பெரிய படங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றில் அவள் முறைப்படி கட்டிய பெட்டி, மூலையில் பச்சை நிறத்தில் ஒரு டிக். இன்னொன்றில் ஒரு விரலுக்கு ஒரு டை போட்டு, தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும் பெட்டி. அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. புதிதாக வருகிறவர்களிடம் சூப்பர்வைசர் இரண்டையும் காட்டுவார். அந்தத் தப்பான பெட்டி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சில பெண்கள் சொல்வார்கள். நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல நிற்பேன். ரேடியோ மட்டும் இப்போது யார் பெட்டிக்கும் இரைவதில்லை. தமிழ் நிலையம் முன்போலவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருகிறது, அது மலையின் குற்றம்.

மாதக் கடைசியில் அவளுக்குப் பெர்மனென்ட் கடிதம் வந்தது. முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, ரோட்டோரம் யாரும் இல்லாவிட்டாலும் ராணி மாதிரி கையசைத்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில். அவள் சூளகிரி வரை போகவேண்டும், என் நிறுத்தம் முன்னாலேயே வந்துவிடும். வந்தது. அங்கே இறங்க யாரும் இல்லை. நான் பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுத்தாள்.

"டிரைவரண்ணே, நிறுத்துங்கோ. ராயக்கோட்டை எறங்கணும்."

இப்போதும் தினமும் அவள்தான் சொல்கிறாள்.